மோரிசன் பாறைகளில் ஒரு கரிசல்காட்டுக்காரன்

செவ்வாய், மோரிசன்

டென்வர் நகரை விட்டு மேற்கே அரை மணி நேரம் போனால் சமவெளி முடிந்து ராக்கி மலைத்தொடர் எழும்புகிறது. இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக ஒரு நீண்ட கரடு ஓடுகிறது. அதற்கு டைனோசர் ரிட்ஜ் என்று பெயர். பக்கத்தில் இருக்கும் சிற்றூர் மோரிசன். நியூ மெக்சிகோவிலிருந்து மொன்டானா வரை சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் ஒரு பாறை அடுக்குக்கு இந்தச் சிற்றூரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அடுக்கின் பெரும்பகுதி பூமிக்குள் புதைந்தே இருக்கிறது. மலை மடிந்த இடங்களிலும் ஆறு அறுத்த இடங்களிலும் மட்டுமே வெளியே தலைகாட்டுகிறது. இதன் வயது ஏறத்தாழ 15.6 கோடி ஆண்டுகளிலிருந்து 14.7 கோடி ஆண்டுகள் வரை, அதாவது ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதி. ஸ்டெகோசாரஸ், அலோசாரஸ், டிப்ளோடோகஸ், பிராக்கியோசாரஸ் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் பெயர்கள் எல்லாம் இந்த அடுக்கிலிருந்து வந்தவை.

நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கால்வாயும் கட்டடமும் கட்டிக் காலம் தள்ளியவன். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்தது; மண்ணைப் பற்றித் தெரிந்தது பட்டுத் தெரிந்தது. ஆகவே இந்தக் குறிப்புகளில் பல்லும் நகமும் குறைவாகவும் சேறும் தண்ணீரும் அதிகமாகவும் இருக்கும். கார் ஓட்டுபவன் என் அக்கா மகன், டென்வரில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பிடித்தது டிரனோசாரஸ் ரெக்ஸ். அது இந்தப் பாறையில் கிடையாது, இவையெல்லாம் மடிந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் கழித்து வந்தது என்று சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

கரட்டின் மேல் ஏறும் சாலையில் நடந்தும் போகலாம், அவர்கள் விடும் பஸ்ஸிலும் போகலாம். நாங்கள் நடந்தோம். மேற்குச் சரிவில் மணற்கல் பாளம் ஒன்றில் துருப்பிடித்த நிறத்தில் எலும்புகள் பதிந்திருக்கின்றன. தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். வருகிறவர்களின் கை பட்டுப் பட்டுச் சில இடங்கள் வழவழப்பாகிவிட்டன. குறுக்கே உடைந்த ஒரு துண்டில் எலும்பின் உள்ளே இருக்கும் நுண்துளைகள் அப்படியே தெரிகின்றன. துளைகளில் கனிமம் நிரம்பியிருக்கிறது, ஆனால் வடிவம் குலையவில்லை.

1877-இல் இங்கே முதலில் எலும்பைக் கண்டவர் ஆர்தர் லேக்ஸ். பக்கத்து ஊரான கோல்டனில் ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர். யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் மார்ஷுக்குக் கடிதம் எழுதினார். மார்ஷ் அசைந்து கொடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்த லேக்ஸ் சில எலும்புகளை மார்ஷின் பரம எதிரியான எட்வர்ட் கோப்புக்கும் அனுப்பிவைத்தார். செய்தி காதில் விழுந்ததும் மார்ஷ் 100 டாலர் அனுப்பி, விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோப்புக்குப் போன எலும்புகளும் கடைசியில் மார்ஷ் கைக்கே வந்தன. முதல் ஸ்டெகோசாரஸும் முதல் அபடோசாரஸும் இந்தக் கரட்டிலிருந்து போனவைதான். அந்த இரண்டு பேரின் சண்டையை எழுதினால் அதற்கே தனித் தொடர் வேண்டும். நான் எழுதப் போவதில்லை. அறிஞர்களின் பொறாமைக் கதைகள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது அதற்குச் சற்றுத் தள்ளி இருந்தது. சாலையோரப் பாறையின் வெட்டு முகத்தில், சமமாகப் போக வேண்டிய அடுக்குகள் சில இடங்களில் கீழ்நோக்கிப் புடைத்திருக்கின்றன. ஈர மண்ணில் சௌரோபாட் (நீண்ட கழுத்தும் பெரிய உடம்பும் கொண்ட தழைதின்னி டைனோசர்) கால்கள் அழுந்திய தடங்களைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். மேலிருந்து பார்க்கும் காலடித் தடத்தைவிட இது ஒரு பொறியாளனுக்கு அதிகம் சொல்லும். மண் இளகியிருந்தது, ஆனால் குழம்பாக இல்லை. பல டன் எடை ஏறியதும் அமுங்கிக் கொடுத்து, கால் எடுத்த பிறகும் குழி மூடாமல் நின்றிருக்கிறது. கிழக்குச் சரிவில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய கடற்கரை மணலில் நூற்றுக்கணக்கான தடங்கள் இருக்கின்றன. கூட்டம் அங்கேதான் மொய்த்தது. அது ஜுராசிக்குக்கு அடுத்த கிரிடேசியஸ் காலம். இந்தப் பயணத்தின் கணக்கில் வராது.

புதன், வழியில்

70-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே நாள் முழுக்க ஓட்டம். 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்குள் போகும்போது காதடைத்தது. மறுபக்கம் இறங்க இறங்கக் காடு மெலிந்து, கொலராடோ ஆறு கூடவே வந்தது. இரவு ஃப்ரூட்டாவில் தங்கினோம். விடுதிக்காரர் சோறு கிடைக்கும் என்றார், கிடைத்தது ரொட்டி. எழுத வேறொன்றும் இல்லை.

வியாழன், ஃப்ரூட்டா

காலையில் முதலில் ரிக்ஸ் குன்று. கிராண்ட் ஜங்ஷன் நகரின் ஓரத்தில், வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1900-இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்திலிருந்து வந்த எல்மர் ரிக்ஸின் குழு இங்கே 2 மீட்டருக்கு மேல் நீளமான ஓர் எலும்பைத் தோண்டியது. நீளத்தைப் பார்த்து முதலில் தொடை எலும்பு என்று நினைத்தார்கள். அது முன்னங்காலின் மேலெலும்பு. பின்காலைவிட முன்கால் நீண்ட, தோள் உயர்ந்த ஒரு பிராணி. 1903-இல் அதற்கு பிராக்கியோசாரஸ் என்று பெயரிட்டார் ரிக்ஸ். அதே ஆண்டு, பிரான்டோசாரஸும் அபடோசாரஸும் ஒரே பேரினம் என்று சொல்லி முன்னதன் பெயரைக் கழித்துக் கட்டியவரும் அவரே. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டும் வேறு வேறு என்று மறுபடியும் பிரித்துவிட்டது.

“இவ்வளவு பெரிய பிராணிகள் இத்தனை வகை ஒரே நாட்டில் எதைத் தின்று பிழைத்தன மாமா?” என்று கேட்டான் அக்கா மகன். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் புல் கிடையாது, பூக்கும் செடியும் கிடையாது. ஆற்றோரங்களில் ஊசியிலை மரங்கள், கிங்கோ, சைக்கஸ், மரப் பெரணிகள். தள்ளிப் போகப் போகத் தரையோடு தரையாகப் பெரணி. ஆனால் எல்லா வாயும் ஒரே மாதிரி இல்லை. காமராசாரஸுக்குத் தடித்த, கரண்டி வடிவப் பற்கள். முரட்டுத் தழையைக் கடித்து முறிக்கலாம். டிப்ளோடோகஸுக்கு முன்வாயில் மட்டும் பென்சில் போன்ற மெல்லிய பற்கள். கிளையிலிருந்து இலையை உருவத்தான் ஆகும். பிராக்கியோசாரஸ் உயரத்தில் மேய்ந்தது, ஸ்டெகோசாரஸ் தரையருகே. ஒரே தோப்பில் பங்கு பிரித்துக்கொண்டார்கள். “அப்படியும் போதாதே” என்றான். போதாதுதான். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று ஒத்திவைத்தேன்.

மதியம் யூட்டா எல்லையை ஒட்டிய ராபிட் பள்ளத்தாக்கு. நெடுஞ்சாலைக்கு மிக அருகிலேயே மோரிசன் அடுக்கு வெளியே தெரிகிறது. ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் ஓரிடத்தில் காமராசாரஸின் கழுத்து முள்ளெலும்புகள் வரிசை குலையாமல் பாறையிலேயே கிடக்கின்றன. பாறையோடு பாறையாகக் கிடப்பதால், பலகை இல்லாவிட்டால் கடந்து போயிருப்போம்.

அண்ணாந்து குன்றைப் பார்த்தால் பட்டை பட்டையாக நிறம்: சிவப்பு, சாம்பல், பச்சை, ஊதா. இங்கேதான் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. சிவப்பு என்றால் காற்றுப்பட்ட மண். தண்ணீர் வடிந்துவிட, இரும்பு துருவாகியிருக்கிறது. பச்சையும் சாம்பலும் என்றால் நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண். சிவப்புப் பட்டையில் குனிந்து பார்த்தால் சுண்டைக்காய் அளவில் சுண்ணாம்பு முடிச்சுகள். எங்கள் ஊரில் சுக்கான் கல் என்போம். மழைக்காலத்தில் கரைந்து இறங்கும் சுண்ணாம்பு, நீண்ட வெயில்காலத்தில் மண்ணுக்குள்ளேயே உறைந்து முடிச்சாகிறது. வருடம் முழுக்க மழை பெய்யும் ஊரில் இது உருவாகாது. அப்படியானால் டைனோசர் நாடு என்றதும் படங்களில் வரைவார்களே, எங்கும் நீராவி பறக்கும் பச்சைக் காடு, அது மோரிசனுக்குப் பொருந்தாது. இது பெரும்பாலும் வறண்ட நாடு. மேற்கே அன்று இருந்த மலைகள் பசிபிக் கடலிலிருந்து வந்த ஈரக் காற்றைத் தடுத்துவிட்டன. அந்த மலைகளில் பெய்த மழைதான் ஆறாகவும் நிலத்தடி நீராகவும் கிழக்கே இந்தச் சமவெளிக்கு வந்தது. ஆறு போன இடத்தில் காடு, மற்ற இடத்தில் வெயில்.

அடுக்கும் கீழிருந்து மேல் ஒரே மாதிரி இல்லை. யூட்டா, மேற்குக் கொலராடோ பக்கம் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். அடியில் டிட்வெல், கடல் பின்வாங்கிய கையோடு உருவானது, ஜிப்சம் கிடைக்கிறது, நல்ல வறட்சி. அதற்கு மேல் சால்ட் வாஷ். மேற்கு மலைகளிலிருந்து மணலும் சரளையும் அள்ளிவந்த அகன்ற ஆறுகளின் படுகை. உச்சியில் பிரஷி பேசின். சேறும் எரிமலைச் சாம்பலும், குட்டைகளும் சதுப்பும். மேலே வர வர ஈரம் கூடுகிறது. நன்னீர் இறாலின் உறவான கிரேஃபிஷ் தோண்டிய வளைகளும் பாறையாகியிருக்கின்றன. அவை நீர்மட்டம் வரைக்கும் இறங்கும் என்பதால் வளையின் ஆழத்தை வைத்தே அன்றைய நிலத்தடி நீர்மட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். என் வேலைக் காலத்தில் ஆழ்துளை போட்டு அளந்ததை ஒரு சிறு பிராணி இலவசமாக அளந்து வைத்திருக்கிறது.

நடைபாதைக்குப் பக்கத்தில் மைகேட்–மூர் குவாரி இருக்கிறது. 1981-இல் இரண்டு குடும்பங்கள் உலாவ வந்தபோது கண்ட இடம், அவர்கள் பெயரையே வைத்தார்கள். ஒரு தண்ணீர்க் குட்டையின் படுகை. அபடோசாரஸும் அலோசாரஸும்தான் அதிகம். வட அமெரிக்க ஜுராசிக்கின் முதல் கவசப் பிராணியான மைமூராபெல்டாவும் இங்கே கிடைத்தது. 2020-இல் இந்தக் குவாரியின் 2,368 எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்த ஓர் ஆய்வு, கிட்டத்தட்ட 29 சதவீதத்தில் கடித்த தழும்புகள் இருப்பதாகச் சொன்னது. மோரிசனில் வேறெங்கும் இவ்வளவு கிடையாது. அலோசாரஸ் எலும்புகளிலும் கடி இருக்கிறது. கடித்ததும் பெரும்பாலும் அலோசாரஸாக இருக்கலாம். பிணங்கள் மூடப்படாமல் வெகுகாலம் கிடந்திருக்கின்றன, பசித்த காலத்தில் இனம் பார்க்காமல் தின்றிருக்கின்றன.

கூடவே சின்னஞ்சிறுசுகளையும் சொல்லியாக வேண்டும். ஃப்ரூட்டாவைச் சுற்றி நுண்ணிய எலும்புகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஃப்ரூட்டாஃபோசர் என்ற பாலூட்டி அங்கே கிடைத்தது. அணிலளவுதான், தோண்டுவதற்கான தடித்த கை, எளிய பற்கள். கறையான் தின்று வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள். மோரிசன் மண்ணில் கறையான் கூடுகளும் கல்லாகக் கிடைத்திருக்கின்றன. ஃப்ரூட்டாடென்ஸ் என்ற டைனோசரோ ஒரு கிலோ எடைகூட இல்லை. இவற்றைத் தேடி யாரும் பஸ்ஸில் வருவதில்லை.

வெள்ளி, கிளீவ்லண்ட்–லாயிட்

பிரைஸ் நகரிலிருந்து தெற்கே. கடைசிப் பகுதி சரளைச் சாலை, புழுதி பறந்தது. வாரத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கிறது, போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகவும். தண்ணீர் கையில் எடுத்துப் போவது நல்லது.

தோண்டிய குழிகளின் மேல் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் சாம்பல் நிறச் சேற்றுக்கல்லில் கரிய எலும்புகள் விரவிக் கிடக்கின்றன. ஒரு எலும்பும் மற்றொன்றோடு பொருந்தி இல்லை. 1920-களின் கடைசியிலிருந்து இங்கே 12,000-க்கு மேற்பட்ட எலும்புகள் எடுத்திருக்கிறார்கள். 1939 முதல் சில ஆண்டுகள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தோண்டியது. செலவைக் கொடுத்த மால்கம் லாயிட் என்ற வழக்கறிஞரின் பெயரும் பக்கத்து ஊரின் பெயரும் சேர்ந்து இடத்துக்குப் பெயராயிற்று. 1960-களில் ஜேம்ஸ் மேட்சன் முன்னின்று தோண்டினார். 2019-இல் ஜுராசிக் தேசிய நினைவிடம் ஆகியிருக்கிறது.

இங்கே கணக்கு இடிக்கிறது. எந்தக் காட்டிலும் மேய்பவை அதிகம், அவற்றைத் தின்பவை குறைவு. இங்கே தலைகீழ். கிடைத்தவற்றில் முக்கால்வாசி ஊனுண்ணிகள். அலோசாரஸ் மட்டும் 40-க்கும் மேல், குஞ்சு முதல் கிழடு வரை. மேய்பவை ஒன்றிரண்டாக.

முதல் விளக்கம் சேற்றுப் பொறி. ஒரு சௌரோபாட் புதைசேற்றில் மாட்டிக்கொள்ள, அதைத் தின்ன வந்த அலோசாரஸும் மாட்டிக்கொள்ள, அதைத் தின்ன அடுத்தது. கதையாக நன்றாக இருக்கிறது. என் அக்கா மகன் கேட்டவுடன் ஒப்புக்கொண்டான். நான் ஒப்பவில்லை. காலோடு புதைந்து இறந்த பிராணியின் கால் எலும்புகள் செங்குத்தாக, ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டாமா? இங்கே எல்லாம் படுத்துச் சிதறிக் கிடக்கின்றன. அடுத்த விளக்கம் வறட்சி: கடைசித் தண்ணீரைத் தேடி வந்து சுற்றி மடிந்தன என்பது. 2017-இல் வந்த ஆய்வு பெரிய எலும்புகளை விட்டுவிட்டு மண்ணையும் அதில் கிடந்த எலும்புத் துணுக்குகளையும் எடுத்து ஆராய்ந்தது. அதன் முடிவு: இது அவ்வப்போது வற்றும் ஒரு குட்டை, பிணங்கள் வெள்ளத்தில் ஒரே தடவையில் அல்ல, பல தடவை அடித்து வரப்பட்டு உள்ளே அழுகின, அழுகல் கூடக் கூடத் தண்ணீர் எதுவும் வாழத் தகாததாகிவிட்டது. மீன், முதலை, ஆமை இங்கே அபூர்வமாக இருப்பதற்கும், நேற்றுப் பார்த்த குவாரிக்கு நேர்மாறாகக் கடித்த தழும்புகள் மிகக் குறைவாக இருப்பதற்கும் இது பொருத்தமான காரணம். அந்தத் தண்ணீரில் இறங்கித் தின்ன யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். அலோசாரஸ் மட்டும் ஏன் இவ்வளவு என்பதற்கு இதுவும் முழுப் பதில் இல்லை. இருந்தாலும் என் ஓட்டு மண்ணை ஆராய்ந்தவர்களுக்கே.

ஒரே பாறை அடுக்கு, ஒரே வகைப் பிராணிகள், இரண்டு குட்டைகள். ஒன்றில் பிணத்தைச் சுற்றிப் பந்தி நடந்திருக்கிறது, மற்றொன்றில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியிருக்கிறார்கள். வேறுபாடு தண்ணீரில். அறிவிப்புப் பலகைகளில் இதற்கு ஒரு வரி, பல்லின் நீளத்துக்கு ஒரு பத்தி.

சனி, வெர்னல்

ஊருக்குள் நுழையும்போதே ரோஜா நிற டைனோசர் சிலை ஒன்று இமை சிமிட்டாமல் வரவேற்கிறது. படம் எடுத்துக்கொண்டோம்.

டைனோசர் தேசிய நினைவிடம் ஜென்சன் என்ற ஊருக்கு வடக்கே. கோடையில் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் விடும் சிறு வண்டியில் மேலே போக வேண்டும். உள்ளே நுழைந்து கைப்பிடி அருகே நின்றால் எதிரே ஒரு சுவர். சுவர் என்பது ஆற்றுப் படுகை. படுக்கையாக இருந்த மணல்திட்டை மலை எழும்பியபோது நிமிர்த்தி, 67 பாகை சாய்வில் நிறுத்திவிட்டது. அதில் 1,500-க்கு மேற்பட்ட எலும்புகள், எடுக்காமல் பாறையைச் சுற்றிச் செதுக்கி அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழ்வரிசையில் சிலவற்றைத் தொடலாம். ஒரு காமராசாரஸின் மண்டையோடு கழுத்தோடு சேர்ந்து தெரிகிறது: கண்குழி, மூக்குக் குழி, தாடையில் இன்னும் பொருந்தியிருக்கும் பற்கள். அதற்குச் சில அடி தள்ளித் தொடை எலும்புகள் ஒரே திசையில் சாய்ந்து கிடக்கின்றன. நீரோட்டம் தள்ளிய திசை அது. வெள்ளத்தில் அடைந்த கட்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வறட்சியில் ஆற்றோரம் வந்து மடிந்தவற்றைப் பின்னர் வந்த வெள்ளம் இந்தத் திட்டில் ஒதுக்கிவிட்டது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

1909 ஆகஸ்ட் 17 அன்று, பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்துக்காகத் தேடி வந்த எர்ல் டக்ளஸ் இந்தக் குன்றில் அபடோசாரஸின் வால் முள்ளெலும்புகள் எட்டு வரிசையாக நிற்பதைக் கண்டார். மனைவியையும் கைக்குழந்தையையும் இங்கேயே அழைத்துவந்து குடியேறினார். கார்னகிக்கு மட்டும் 350 டன் எடைக்குப் படிவங்கள் போயின. எலும்பைச் சாக்குத் துணியிலும் பிளாஸ்டரிலும் பொதிந்து, குதிரை வண்டியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். 1915-இல் ஜனாதிபதி வுட்ரோ வில்சன் 80 ஏக்கரை நினைவிடமாக அறிவித்தார். மீதி எலும்புகளை இருந்த இடத்திலேயே வைத்துக் காட்ட வேண்டும் என்று டக்ளஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டடம் 1958-இல்தான் திறந்தது. அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் கதை என் துறை. 2006-இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். சுவர் வெடித்து, தரை அலைபோல் எழும்பியிருந்தது. காரணம் கீழே இருக்கும் மோரிசன் களிமண். ஜுராசிக் எரிமலைகள் கக்கிய சாம்பல் மக்கி ஸ்மெக்டைட் களிமண் ஆகியிருக்கிறது. ஈரம் பட்டால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். வெளியே நடைபாதையோரம் பார்த்தேன்: காய்ந்த மேற்பரப்பு பொரிபொரியாக உதிர்ந்து, கால் வைத்தால் பொதுக்கென்று அமுங்குகிறது. கரிசலும் இதே குடும்பத்துக் களிமண்தான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் மூடிக்கொண்டு வீட்டுச் சுவரைத் தூக்கும். அதனால்தான் நம் நாட்டில் ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல் அகன்ற ஒரு வகைத் தூண் அடித்தளத்தைக் கரிசலுக்காகவே உருவாக்கியது. இங்கே கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்து, மறுபடி கட்டி, 2011 அக்டோபரில் திறந்தார்கள். டைனோசர்கள் சுவாசித்த சாம்பல் 15 கோடி ஆண்டு கழித்தும் கான்கிரீட்டை உடைக்கிறது என்று வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தினமும் கதவு மூடுவதற்குச் சிரமப்பட்ட பழைய ஊழியர்களின் கதையைச் சொன்னார். என் அக்கா மகனோ “மாமா, இவ்வளவு தூரம் வந்தது கட்டட விரிசல் பேசவா?” என்றான். ஆமாம் என்றேன்.

ஞாயிறு, மறுபடியும் அதே இடம்

காலை வெயில் ஏறுமுன் புதைபடிவ நடைபாதையில் இறங்கினோம். அடுக்குகள் நிமிர்ந்து நிற்பதால் சில நிமிட நடையில் பல கோடி ஆண்டுகளைக் குறுக்கே கடக்கலாம். முதலில் மௌரி களிப்பாறை. விரல்நுனி அளவில் மீன் செதில்கள், கிரிடேசியஸ் கடல். பிறகு மோரிசன், நதி நிலம், எலும்புகள். கடைசியில் ஸ்டம்ப் அடுக்கு; மறுபடியும் கடல், சிப்பிகள். இரண்டு கடல்களுக்கு நடுவே தரையாக இருந்த காலத்தில் சுமார் 90 லட்சம் ஆண்டுகளின் கணக்குப் புத்தகம் மோரிசன்.

ஒத்திவைத்த கேள்விக்கு வந்தேன். இவ்வளவு வாய்களுக்குத் தீனி எப்படிப் போதும்? இங்கும் வயோமிங்கின் தெர்மோபோலிஸ் பக்கத்திலும் கிடைத்த காமராசாரஸ் பற்களின் எனாமலை ஹென்றி ஃபிரிக் குழு ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டது. பல் வளரும்போது குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் கையொப்பம், அதாவது ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம், எனாமலில் பதிகிறது. மலையில் பெய்யும் மழையின் கையொப்பம் வேறு, சமவெளியின் நீரில் வேறு. சில பற்களில் இரண்டும் மாறி மாறி இருந்தன. ஆக, வறண்ட மாதங்களில் அவை மேற்கே மேட்டு நிலத்துக்கு ஏறி, மழைக்காலத்தில் திரும்பியிருக்கின்றன. ஒரு வழிக்கே 300 கிலோமீட்டர். பெரிய உடம்பின் இலாபம் இதில் தெரிகிறது. தூரம் நடக்கலாம், மட்டமான தழையையும் வயிற்றில் வெகுநேரம் ஊறவைத்துச் சத்தெடுக்கலாம். “அப்படியானால் சின்னப் பிராணிகள்?” என்றான். அவை வளைக்குள்ளும் குட்டைக்குள்ளும் தாக்குப் பிடித்தன. வற்றும் குட்டையில் சேற்றுக்குள் அடங்கிக் காத்திருக்கும் நுரையீரல் மீனின் பற்தகடுகளும் மோரிசனில் கிடைக்கின்றன.

நாடு மாற மாற ஆட்களும் மாறினார்கள். ஹாப்ளோகாந்தோசாரஸ் பெரும்பாலும் கீழ் அடுக்குகளோடு சரி. காமராசாரஸ் கிட்டத்தட்ட முழு அடுக்கிலும் வருகிறது, எதற்கும் வளைந்து கொடுத்திருக்கிறது. அலோசாரஸிலேயே இரண்டு இனங்கள் என்று 2020-இல் பிரித்தார்கள்: மூத்தது அலோசாரஸ் ஜிம்மேட்சனி, இளையது ஃபிராஜிலிஸ். கிளீவ்லண்ட்–லாயிடில் தோண்டிய மேட்சனின் பெயரைத்தான் மூத்ததற்கு வைத்திருக்கிறார்கள். அதன் முக்கியமான எலும்புக்கூடு இந்த நினைவிடத்துக்குள்ளேயே 1990-இல் கிடைத்தது, தலை மட்டும் இல்லாமல். ஆறு ஆண்டு கழித்து யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் கதிரியக்கம் அளக்கும் கருவியோடு அந்தச் சரிவில் நடந்து, கருவி கூடுதலாகத் துடித்த இடத்தில் தோண்டச் சொன்னார். மண்டையோடு அங்கே இருந்தது. நிலத்தடி நீரில் கரைந்து வரும் யுரேனியத்தை எலும்பு ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் வந்த வினை. இதே மோரிசன் அடுக்கின் சால்ட் வாஷ் மணற்கல்லைத்தான் 1950-களில் யுரேனியத்துக்காகக் குடைந்து தள்ளினார்கள்.

மோரிசனின் தலைமாட்டில், அதற்கும் மேலே இருக்கும் சீடர் மவுண்டன் அடுக்குக்கும் நடுவில் ஒரு கோடி ஆண்டுக்கும் அதிகமான கணக்கு இல்லை. படிந்தது அரித்துப் போயிருக்கலாம், படியாமலே இருந்திருக்கலாம். பதிவு மறுபடி தொடங்கும்போது ஸ்டெகோசாரஸும் டிப்ளோடோகஸும் அலோசாரஸும் இல்லை. சௌரோபாட் பரம்பரையில் பிராக்கியோசாரஸின் சொந்தக்காரர்கள் நீடித்திருக்கிறார்கள்: 2010-இல் பெயரிட்ட அபைடோசாரஸின் மண்டையோடுகள் நான்கு, இந்தக் குவாரிக் கட்டடத்துக்கு அருகிலேயே கிடைத்தன. சௌரோபாட் மண்டையோடு கிடைப்பதே அரிது, இங்கே நான்கு. பாறை அவ்வளவு கடினமாக இருந்ததால் வெடி வைத்துத்தான் எடுத்தார்கள்.

வருகிறவர்களுக்கு: அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிலத்தில் எலும்புத் துண்டை எடுத்துப் பையில் போடுவது குற்றம், அபராதம் உண்டு. மழை பெய்த மறுநாள் சரளைச் சாலைகளில் இறங்காதீர்கள். அந்தக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் வண்டி நகராது, கரிசல்காட்டில் மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு 40-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக டென்வர். என் அக்கா மகன் அடுத்த விடுமுறைக்கு வயோமிங்கின் கோமோ பிளஃப் போகலாம் என்கிறான். டிரனோசாரஸ் பேச்சு இரண்டு நாளாக எடுக்கவில்லை.